சீருடையில் ஒரு மருத்துவ மாணவர்: வெற்றி, நலம் என்னும் இரு நோக்கங்கள்

அமெரிக்கப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் சிலர் பணிக்காலம் முடியும் முன்பே மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகத் தொடங்குகிறார்கள். அந்நாட்டில் இளநிலைப் பட்டம் முடித்த பிறகே பெரும்பாலோர் மருத்துவம் படிக்கச் செல்கிறார்கள். உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகப் பயிற்சியோடு கற்றிருக்க வேண்டும். இடைவேளைகளையும் சேர்த்தால் ஏழரை மணி நேரம் நீளும் எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வையும் எழுத வேண்டும். தன் நேரம் தன் கையில் இல்லாத சிப்பாய்க்கு இது பெரும் சுமை. ஆனால் அதைவிடக் கடினமான ஒன்று அறம் சார்ந்தது. வெற்றியை நோக்கமாகக் கொண்ட தொழிலில் இருக்கும் ஒருவர், நலத்தை நோக்கமாகக் கொண்ட தொழிலுக்குத் தம் மனத்தைப் பழக்க முடியுமா?

இந்த இரு நோக்கங்களையும் அரிஸ்டாட்டில் அருகருகே வைத்திருக்கிறார். மருத்துவத்தின் நோக்கம் உடல்நலம், படைநடத்தும் கலையின் நோக்கம் வெற்றி என்று ‘நிகோமாக்கிய அறவியல்’ நூலின் தொடக்கத்திலேயே அவர் குறிப்பிடுகிறார். ஒரு கலை இன்னொன்றுக்குக் கீழ்ப்பட்டு இயங்குவதையும் அங்கேயே விளக்குகிறார்: கடிவாளம் செய்யும் தொழில் குதிரையேற்றத்துக்கு அடங்கியது, குதிரையேற்றம் போர்க்கலைக்கு அடங்கியது. அப்படியானால் படைக்குள் இருக்கும் மருத்துவம் எதற்கு அடங்கியது? போரிடும் வலிமையைக் காப்பது என்பதே அமெரிக்கத் தரைப்படை மருத்துவத் துறையின் முழக்கம். அதன்படி பார்த்தால் மருத்துவமும் கடிவாளத்தைப் போன்றதே. ஆனால் 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை வேறொன்றைக் கட்டளையிடுகிறது. யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை மருத்துவ அவசரம் மட்டுமே தீர்மானிக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. பகைவனின் காயம் மோசமானதாக இருந்தால் அவனே முதலில். சிகிச்சைக் கூடாரத்துக்குள் வெற்றிக்கு வாக்குரிமை இல்லை.

இந்த முரணை மிக அருகில் காண்பவர் களத்தில் முதலுதவி செய்யும் மருத்துவச் சிப்பாய். 1996இல் வெளியாகி, பின்னர் படை முழுவதும் பரவிய போர்க்கள சிகிச்சை முறை அவருக்கு ஒன்றைக் கற்பிக்கிறது: குண்டுகள் பறந்துகொண்டிருக்கும்போது முதல் வேலை திருப்பிச் சுடுவதும் மறைவிடம் தேடுவதும்தான், அடுத்ததுதான் பீறிடும் இரத்தத்தைப் பட்டையால் இறுக்கி நிறுத்துவது. சிகிச்சை தருபவரும் விழுந்துவிட்டால் காயம்பட்டவருக்குக் கதியில்லை என்பதால் இது மருத்துவ நோக்கிலும் நியாயமே. ஆனால் சற்று முன் சுட்ட அதே கைதான், சுடப்பட்டவனுக்கும் கட்டுப் போட வேண்டும்.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினர் இந்தச் சிக்கலுக்குச் சமயவழியில் ஒரு விடை கண்டனர். கட்டாயப் படைச்சேர்ப்பு வந்தால் ஆயுதம் ஏந்தாமல் பணிபுரிவதற்காக, 1930களிலேயே தம் இளைஞர்களுக்கு மருத்துவப் பணியில் பயிற்சி அளித்தனர். அச்சபையைச் சேர்ந்த டெஸ்மண்ட் டாஸ், 1945இல் ஒகினாவா போரில் ஆயுதம் ஏந்தாமலே ஏறக்குறைய 75 பேரைக் காப்பாற்றியதாகப் பதிவு செய்யப்பட்டு, அமெரிக்காவின் உயரிய வீர விருதைப் பெற்றார். போற்றத்தக்க வழி இது. ஆயினும் ஏற்கெனவே ஆயுதம் ஏந்திவிட்டு மருத்துவராக விரும்புபவருக்கு இது விடையாகாது. அவர் மறுத்து ஒதுங்கவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிச் செல்கிறார்.

அவருக்கு உதவுவது அரிஸ்டாட்டிலின் இன்னொரு கருத்து. கட்டடம் கட்டிக் கட்டியே ஒருவர் கட்டடக் கலைஞராவதுபோல, நற்பண்பும் செய்து செய்தே வருகிறது. கரிம வேதியியலை இரண்டு ஆண்டு தள்ளிப்போடலாம். காயம்பட்ட உடலைப் பார்த்ததும் ‘நம்மவனா, அவர்களா’ என்று கேட்கப் பழகிய கண்ணைத் திருத்தும் வேலையைத் தள்ளிப்போட முடியாது. கைதியின் காய்ச்சலை அக்கறையோடு கவனிப்பதும், மொழி தெரியாத ஊர்க்காரரின் வலியைப் பொறுமையாகக் கேட்பதும் இத்தயாரிப்பின் முதல் பாடங்கள். சட்டம் இந்த அகமாற்றத்தைக் கணக்கில் கொள்வதில்லை. மருத்துவப் பணியில் மட்டுமே ஈடுபட்டிருப்போருக்குத்தான் உடன்படிக்கையின் முழுப் பாதுகாப்பு. பையில் உடலியல் நூல் வைத்திருக்கும் காலாட்படை வீரர் போராளியே. சில ஆண்டுகள் அந்த மாற்றத்தை அவர் தனியாகவே சுமக்க வேண்டியிருக்கிறது.

தோழர்களுக்குச் செய்ய வேண்டிய நியாயமும் இருக்கிறது. வெளியேறத் தயாராகும் சிப்பாய் அரைமனதுக்காரர் என்ற குற்றச்சாட்டு பொதுவாகச் சரியல்ல. கடமை ஒருவரின் உழைப்பைக் கேட்கலாம், எதிர்காலம் முழுவதையும் கேட்க முடியாது. ஆனால் காவல் நேரத்தில் அது முழுக் கவனத்தையும் கேட்கும். இரவெல்லாம் படித்துவிட்டுக் காவலில் கண்ணயர்பவர், தம் வருங்கால நோயாளிகளுக்காக அருகில் உறங்குபவர்களின் உயிரைப் பணயம் வைக்கிறார். அதற்கு எந்த உயர்ந்த நோக்கமும் சமாதானம் ஆகாது.

2014இல் தொடங்கிய ஒரு திட்டம் இந்த நெருக்கடியை நேரடியாகக் களைந்தது. தேர்வாகும் சிப்பாய்கள் ஊதியத்துடன் இரண்டு ஆண்டுகள் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ முன்படிப்பு படிக்கிறார்கள். படிப்பதே அவர்களுடைய பணி. அடுத்து, 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி பெதஸ்டாவில் இயங்கும் படைத்துறை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் விண்ணப்பிக்கலாம். அங்கே கட்டணம் இல்லை, அதிகாரிக்குரிய ஊதியம் உண்டு. ஈடாகக் குறைந்தது ஏழு ஆண்டுகள் படையில் மருத்துவராகப் பணியாற்ற வேண்டும், மேற்பயிற்சிக் காலம் அந்த ஏழில் சேராது. பணிவிலகியபின் கல்வி உதவித்தொகையோடு பொதுக் கல்லூரிக்குப் போகும் வழியும் இருக்கிறது. முதல் வழியைத் தேர்ந்தவருக்கு, கடிவாளத்தைப் பற்றிய அந்தக் கேள்வி பட்டத்தோடு முடிவதில்லை. அடுத்த பத்தாண்டு முழுவதும், படைத்தலைவரின் தேவையும் நோயாளியின் தேவையும் மோதும் ஒவ்வொரு முறையும், அவர் அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.