நலத்தின் செருக்கு

சித்தூர் வழியே திருப்பதி சேரும் தமிழரிற் பலர், அலிபிரியினின்று ஏறத்தாழ 3,550 படிகள் ஏறித் திருமலை செல்வர். களையாது ஏறுவோன், நீரிழிவால் தளர்ந்து வழியில் அமர்ந்தானை நோக்கி, "என் உடல் என் வயத்தது" என்று செருக்குதல் தகுமா?

ஏறுங்கால் தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை நுகர்கின்றன. அது குறைந்தவிடத்துக் கணையம் குளுக்ககான் என்னும் ஹார்மோனைச் சுரக்க, கல்லீரல் தன் சேமிப்பை ஈகின்றது. உண்டபின் மிகும் சர்க்கரையை இன்சுலின் தணிக்கின்றது. இவற்றுள் ஒன்றனையேனும் அவன் ஏவினானல்லன். ஏவினும் அவை கேளா. 1921-இல் டொரொண்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்படுமுன், அது சுரவாத சிறார் நெடுநாள் வாழ்ந்திலர். அவர் செய்த பிழை யாது?

அளவான உணவும் உழைப்பும் நம் கடன். சுரப்பியோ நம் ஏவலாள் அன்று. ஆதலின், நலமுற்றோன் 'யான், எனது' என்னும் செருக்கொழிந்து, அமர்ந்தானுக்குக் கை கொடுப்பானாக.