ஈட்டு உறுதியும் இல்லறச் சம்மதமும்



காணி ஈடு வைப்பதைப் பற்றிக் கோவில் பத்திரிகையில் எழுதுவானேன், அது நொத்தாரிசின் வேலையல்லவா என்று சிலர் நினைப்பீர்கள். நொத்தாரிசின் வேலைதான். ஆனால் அவருடைய படியில் ஏறுமுன் வீட்டுக்குள்ளே நடப்பது ஆத்துமத்தைச் சேர்ந்த காரியம்.

யாழ்ப்பாணத்தாராகிய நாம் எந்த வேதத்தைச் சேர்ந்தவர்களானாலும் தேசவழமைக்கு உட்பட்டவர்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707-ஆம் ஆண்டில் எழுத்திலே தொகுக்கப்பட்ட அந்த வழமையோடு, விவாக உரிமைகளையும் வழியுரிமையையும் பற்றிய 1911-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் நம்மை ஆளுகிறது. அதன்படி, மனைவி தன் சீதனக் காணியை ஈடு வைக்க வேண்டுமானால் புருஷனுடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். நகை முதலிய அசையும் பொருளுக்கு அது வேண்டியதில்லை. மரணசாசனம் எழுதவும் வேண்டியதில்லை. புருஷன் தன் முதுசொக் காணியை ஈடு வைப்பதற்கோ, மனைவியின் ஒப்பத்தைச் சட்டம் கேட்பதேயில்லை.

சட்டம் கேளாததைப் பீடத்தின்முன் நீங்கள் கொடுத்த வார்த்தை கேட்கிறது. மகனை வெளிநாட்டுக்கு அனுப்பவோ, மகளுக்குச் சீதனம் கொடுக்கவோ கடன் படுகிறீர்கள். தவணை தப்பினால் வழக்கு, பிறகு ஏலம். அப்போது பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு படலையைத் தாண்டிப் போகிறவள், ஈடு வைத்ததையே அறியாதவளாயிருக்கலாமோ?

சீதனக் காணியிலோ வேறு வகையான அநியாயம் நடக்கிறது. கடன் வேண்டியவன் புருஷன், காணி மனைவியுடையது. அவனுடைய சம்மதம் கேட்குமுன்னே தயாராயிருக்கிறது. அவளுடைய சம்மதமோ, "இதிலே ஒப்பம் வை" என்ற ஒரு சொல்லிலே முடிகிறது. பலவந்தத்தாலும் கடும் பயத்தாலும் பெற்ற சம்மதத்தால் விவாகமே செல்லாது என்று திருச்சபைச் சட்டம் சொல்லுகிறது. கோவிலிலே பயத்தால் சொன்ன "ஆம்" செல்லாதென்றால், அடுப்படியிலே பயத்தால் வைத்த ஒப்பம் சர்வேசுரன்முன் எம்மாத்திரம்?

பழமொழி ஆகமத்தின் கடைசி அதிகாரத்திலே புகழப்படும் மனைவி, வயலைத் தானே பார்த்து விசாரித்து வாங்குகிறாள். அவளுடைய புருஷன் அவளை நம்பியிருக்கிறான். அந்த நம்பிக்கையை மனைவிமாரும் காக்க வேண்டும். சட்டம் தடுக்கவில்லையென்று தாலிக்கொடியை இரகசியமாய் அடைவு வைப்பதும் வஞ்சகமே. இருவரும் சேர்ந்து செய்ததெல்லாம் நீதியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம்: அனனியாவும் சப்பீராளும் ஒரே மனதாய்த்தான் பொய் சொன்னார்கள்.

மனைவியின் காணியை ஈடு வைக்க அவசியமிருந்தும், கோபத்தினால் ஒப்பம் மறுக்கிற புருஷர் சிலர் உண்டு. விட்டுப் போனவர்களும் உண்டு. யுத்தத்திலே காணாமற் போன புருஷனுக்காக வருடக்கணக்காய்க் காத்திருக்கும் பெண்களும் நம்மிடையே அநேகர். இவர்கள் மாவட்ட நீதிமன்றத்திலே விண்ணப்பித்து, புருஷனுடைய சம்மதத்துக்குப் பதிலாக நீதிபதியின் கட்டளையைப் பெறலாம். இதையறியாமல், உறுதி எழுதாமலே நாள் வட்டிக்காரனிடம் போய்ச் சிக்கிக்கொள்ள வேண்டாம்.

மற்றவர்களோ, நொத்தாரிசிடம் போவதற்கு முந்தின இரவு, செபமாலை முடிந்தபின், உறுதியை விளக்கடியிலே விரித்து வையுங்கள். எவ்வளவு கடன், என்ன வட்டி, எத்தனை வருடத் தவணை என்று ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுங்கள். வாசித்துக் கேட்டபின் அவள் வேண்டாமென்றால், மறுநாள் போகாதேயுங்கள்.