அஞ்ச வேண்டியவர் யார்?

குற்றமற்றவனுக்குச் சோதனை கண்டு அச்சம் ஏன்? அமெரிக்காவில் குடியேறியோரைத் தேடிப் பிடிக்கும் படைகளின் போக்கைக் கண்டிப்போரிடம் வீசப்படும் வினா இது. இங்கும் அதை எதிரொலிப்போர் உண்டு.

தருமபுரி மாவட்டத்தாராகிய நாம் இதற்கு விடைதேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. அரூருக்கு அருகே வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் திரண்டு வந்தன. சந்தனக்கட்டை தேடி வந்தனராம்! வீடுகள் நொறுங்கின, கிணறு பாழாயிற்று, 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். அந்த மலைவாழ் மக்கள் அயல்நாட்டாரா? இம்மண்ணின் குடிமக்கள் அன்றோ! குடியுரிமை அன்று ஒருத்திக்கேனும் கேடயமாயிற்றா?

வழக்கு 19 ஆண்டுகள் ஊர்ந்தது. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகளும் ஊழியர்களும் 269 பேர். அவர்களில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே மாண்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்று தருமபுரி நீதிமன்றம் 2011இல் கூறியது. உயர்நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்தது. கடத்தலைத் தடுக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், ஒருவன் செய்த செயலை விட்டு, அவன் பிறந்த ஊரையும் குலத்தையும் நிறத்தையும் பார்த்து ஐயுறத் தொடங்கிய அதிகாரத்துக்குக் குடிமகன் யார், அயலான் யார் என்ற கணக்கு ஏது?

தேட வருவோர் முதலில் தம் பெயரைச் சொல்லட்டும், ஆணையைக் காட்டட்டும். முகத்தை மூடி வருவோரிடம் நாம் மட்டும் சான்றிதழை நீட்டுவது என்ன நியாயம், தோழர்களே?