காதல் கதையும் கதாசிரியரின் அந்தரங்கமும்

காதல் கதை ஒன்றைப் படித்து முடித்தவுடன் நம்மில் பலருடைய நெஞ்சில் எழுகின்ற முதல் வினா கதையைப் பற்றியதன்று, எழுதியவரைப் பற்றியது. "இது அவருடைய சொந்தக் கதையாக இருக்குமோ?" என்பதே அவ்வினா. துப்பறியும் நாவல் எழுதுகிறவரைப் பார்த்து, "நீர் எத்தனை கொலை செய்தீர்?" என்று எவரும் கேட்பதில்லை. அரசர் கதை எழுதுகிறவர் என்றேனும் அரியணையில் அமர்ந்தவரா என்று ஆராய்வாரும் இல்லை. காதலை எழுதுகிறவரிடம் மட்டும் வாசக உலகம் இந்த உரிமையைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது.

எழுத்தாளரைப் பற்றி அறிந்துகொள்ள விரும்புவது தவறா என்று கேட்கலாம். தவறன்று. அவர் காலையில் எழுதுகிறாரா, இரவில் எழுதுகிறாரா? தாமே எழுதுகிறாரா, பிறரைக் கொண்டு எழுதுவிக்கிறாரா? எந்த நூல்களைப் படித்தார்? எழுதாத வேளையில் எதில் அவருக்கு நாட்டம்? இவையெல்லாம் ஒரு தொழிலைக் கற்க விரும்புகிறவன் தொழிலாளியிடம் கேட்கும் நேர்மையான கேள்விகள். அவற்றின் விடைகளால் நன்மையும் உண்டு.

வை. மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள்வோம். 1901-இல் பிறந்து 1960-இல் மறைந்த அவர், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களைத் தமிழுக்குத் தந்தவர், 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தியவர், இசையில் வல்லவர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். அத்தகையவர் தம் முதல் படைப்பாகிய 'இந்திர மோகனா' நாடகத்தைத் தம் கையால் எழுதவில்லை. முறையான பள்ளிக் கல்வி பெறாத அவர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, அவருடைய தோழி ஒருவர் எழுதினார். எழுதப் பழகாத ஒரு பெண் கதையை நெஞ்சில் கட்டி முடித்து, மற்றொரு பெண்ணின் கையைக் கடனாகப் பெற்றாள் என்பது எத்துணை ஊக்கமூட்டும் செய்தி!

இங்கிலாந்தின் பார்பரா கார்ட்லண்டும் சொல்லித்தான் எழுதுவித்தார். ஆனால் அவருடைய நிலையே வேறு. மதிய உணவுக்குப் பின் சாய்விருக்கையில் படுத்துக்கொண்டு, செயலாளரிடம் கதையை ஒரே ஓட்டமாகச் சொல்லிக்கொண்டே போவார். நூற்றுக்கணக்கான காதல் நாவல்களை இவ்வாறு வெளியிட்டார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னர் வாழ்ந்த ஜேன் ஆஸ்டினோ, வீட்டார் வருவதும் போவதுமாக இருந்த கூடத்தில் சிறிய மேசையருகே அமர்ந்து, சிறு சிறு தாள்களில் எழுதினார் என்றும், கிறீச்சிட்ட கதவைப் பழுது பார்க்க வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்றும் அவருடைய உறவினர் பதிந்துள்ளனர். ஆள் வருவதை அந்த ஓசை முன்கூட்டி அறிவித்துவிடும். தாள்களை மறைத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

இம்மூவரின் பழக்கங்களும் ஒரே பாடத்தைத்தான் புகட்டுகின்றன. காதல் கதை என்பது கண்ணீரிலோ கனவிலோ தானாக முளைத்துவிடுவதில்லை. உட்கார இடமும், ஒதுக்கிய நேரமும், விடாத உழைப்பும் சேர்ந்தே அதனை உருவாக்குகின்றன. ஆயினும் அந்தக் கிறீச்சிட்ட கதவு நமக்கு வேறொன்றையும் சொல்கிறது. ஜேன் ஆஸ்டின் ஏன் மறைத்தார்? 1811-இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தபோது, முகப்பில் அவர் பெயர் இல்லை. 'ஒரு பெண்மணி' எழுதியது என்ற குறிப்பே இருந்தது. 1817-இல் அவர் இறந்த பின்னர், அவருடைய கடிதங்களில் பெரும்பகுதியை உடன்பிறந்த அக்காவே எரித்துவிட்டார். மணமாகாத ஒரு பெண் காதலை இத்துணை நுட்பமாக எழுதிவிட்டாளே, அது எங்ஙனம் என்று உலகம் துருவும் என்பதை அந்தச் சகோதரி அறிந்திருக்க வேண்டும்.

இனி மூல வினாவுக்கு வருவோம். காதலை எழுத, எழுதுகிறவர் அதனைப் பட்டறிந்திருக்கத்தான் வேண்டுமா?

பாரசீகப் பெருங்கவிஞர் நிஜாமி கஞ்சவி இதற்கு ஒருவகையில் இரண்டு விடைகளையும் தருகிறார். அவர் தம் துணைவி ஆஃபாக் அம்மையாரைப் பெரிதும் நேசித்தவர்; அவருடைய மறைவின் துயரை 'குஸ்ரூ-ஷீரீன்' காவியத்தின் முடிவில் பதித்திருக்கிறார். இது சொந்த வாழ்விலிருந்து வந்தது, ஐயமில்லை. பின்னர், 1188-ஆம் ஆண்டில், ஷிர்வான் மன்னரின் வேண்டுகோளுக்கு இணங்கி 'லைலா-மஜ்னூன்' பாடினார். தொடக்கத்தில் அவருக்கு அதில் விருப்பமே இல்லை. தோட்டமும் அரண்மனையும் விழாவும் இல்லாத வறண்ட பாலைவனக் கதையை வைத்துக்கொண்டு என்ன பாடுவது என்று தயங்கினார். மகனின் வற்புறுத்தலே அவரை எழுத வைத்தது. நான்கு மாதங்களுக்குள் பாடி முடித்ததாகவும் அவரே கூறுகிறார். பாலைவனத்தில் பித்தனாகத் திரிந்த அந்தக் காதலன் நிஜாமி அல்லர். கஞ்சா நகரில் மனைவி மக்களுடன் வாழ்ந்த குடும்பத்தவர் அவர். எனினும் உலகம் எந்தக் காவியத்துக்காக அதிகம் அழுதது? லைலாவுக்காக அன்றோ! தம்முடைய துயரிலிருந்து பிறந்ததையும் பிறர் சொல்லக் கேட்டதிலிருந்து பிறந்ததையும் ஒரே கை எழுதியிருக்க, இரண்டையும் பிரித்தறிய வாசகனிடம் எந்த உரைகல்லும் இல்லை. ஆகவே, உருக்கமாக எழுதப்பட்டிருப்பதாலேயே அது அனுபவித்தது என்று முடிவு செய்வது அறிவுக்கும் பொருந்தாது.

அறிவுக்குப் பொருந்தாதது ஒருபுறமிருக்க, இம்முடிவால் உண்டாகும் தீங்கு யார்மீது விழுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண் ஒருவர் காதல் கதை எழுதினால் 'கற்பனை வளம்' என்கிறோம். பெண்ணொருத்தி எழுதினால் 'விஷயம் என்னவோ' என்கிறோம். நம் சமுதாயத்தில் இந்தச் சொல்லுக்குக் கூர்மை அதிகம்.

நாகூரில் 1917-இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்களை இங்கே நினைவுகூர்வது கடமை. மூன்றாம் வகுப்பு வரையே பள்ளி சென்றவர்; பன்னிரண்டாம் வயதில் மணம் செய்து கொடுக்கப்பட்டவர்; இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அந்த அம்மையார் 1938-இல் ஒரு நாவலை வெளியிட்டார். அதன் பெயரே 'காதலா? கடமையா?'. தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் அவர்களே அதற்குப் பாராட்டுரை வழங்கினார். ஓர் இளம் கைம்பெண், முஸ்லிம் குடும்பப் பெண், 'காதல்' என்ற சொல்லை அட்டையிலேயே பொறித்து, அதன்கீழ்த் தம் பெயரையும் பொறித்தார். அக்காலத்தில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? முனைந்து கற்று, நல்ல தமிழில் எழுதி, 1998-இல் மறையும்வரை எழுத்தாளர் என்ற மதிப்புடன் வாழ்ந்தார். அவருடைய நாவலை எடுத்து, "இதில் வருவது யார்?" என்று துருவுகிறவர், எட்டு ரூபாய்ச் சில்லறைக்கு எண்பது ரூபாய்ப் பொருளை விற்றவராகிறார். கேட்க வேண்டியது, "மூன்றாம் வகுப்போடு நின்ற பெண் இந்தத் தமிழை எப்படிப் பெற்றார்?" என்பதல்லவா?

திருமறையில் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் பன்னிரண்டாவது வசனம், தவறான எண்ணம் கொள்வதையும், பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் அடுத்தடுத்து வைத்துத் தடுக்கிறது. அந்த வரிசை கருதத்தக்கது. முதலில் ஐயம், பின்பு துருவல், இறுதியில் ஊர்ப்பேச்சு. ஒரு கதையை வைத்துக்கொண்டு கதாசிரியையின் வாழ்வை அளக்கிறவர்கள் இம்மூன்று படிகளையும் ஒரே மூச்சில் இறங்கிவிடுகிறார்கள்.

இதுகாறும் எழுத்தாளரின் பக்கமிருந்து பேசினோம். நியாயம் என்றால் இரு பக்கமும் நோக்க வேண்டும். தம் அந்தரங்கத்துக்குத் திரை கேட்கின்ற எழுத்தாளர், பிறருடைய அந்தரங்கத்துக்குத் திரை இடுகிறாரா?

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். நம் கோரிப்பாளையத்தில் ஒரு சந்து. அங்கே ஒரு பெண்ணுக்கு நிச்சயம் செய்த திருமணம் நின்றுபோகிறது. பக்கத்து வீட்டில் இருப்பவர் கதை எழுதுகிறவர். அந்தப் பெண்ணின் நன்னி மனம் தாளாமல் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அழுதுவிட்டுப் போகிறார். ஆறு மாதம் கழித்து ஒரு மாத நாவல் வெளிவருகிறது. பெண்ணின் பெயர் மாறியிருக்கிறது. ஊரின் பெயரும் மாறியிருக்கிறது. ஆனால் பச்சை வண்ணக் கதவும், வாசலில் நிற்கும் முருங்கை மரமும், ஆஸ்பத்திரிக்கு எதிரே அத்தா வைத்திருக்கும் கடையும், நன்னி அழுதபோது சொன்ன வார்த்தையும் அப்படியே இருக்கின்றன. வைகைக்கு இக்கரையில் அதைப் படிக்கும் எவருக்கும் அடையாளம் தெரிந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு இனி வரப்போகும் சம்பந்தத்தை அந்த நூல் முன்னே சென்று தடுத்து நிற்கும். "நான் பெயரை மாற்றிவிட்டேனே" என்று எழுத்தாளர் சொல்லலாம். அது விடையாகுமா? அழுதவர் தம் துயரை அவரிடம் அமானத்தாக வைத்துச் சென்றார். அவரோ அதனை விலைக்கு விற்றார்.

இதில் வழிகாட்ட நமக்கு ஒரு பெரியவர் இருக்கிறார். ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் 994-இல் பிறந்த இமாம் இப்னு ஹஸ்ம், மார்க்கச் சட்ட மேதை. அவர்தாம் ஏறத்தாழ 1022-இல், ஊரை இழந்து ஷாத்திபா நகரில் வாழ்ந்த காலத்தில், நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகக் காதலைப் பற்றியே 'தவ்குல் ஹமாமா' என்னும் நூலை எழுதினார். புறாவின் கழுத்து வளையம் என்பது அதன் பொருள். காதலின் அறிகுறிகள், தூது, பிரிவு, மறதி என முப்பது அத்தியாயங்கள். இளமையில் அவர் பெண்களிடையே வளர்ந்தவர். குர்ஆனையும் கவிதையையும் எழுத்தையும் அவருக்குக் கற்பித்தவர்களும் பெண்களே. ஆகவே அவர் கேட்டறிந்த கதைகள் ஏராளம். எனினும் நூலின் தொடக்கத்திலேயே, வெளிப்பட்டால் தீங்கு விளையக்கூடிய இடங்களில் பெயர்களைச் சொல்லாமல் மறைப்பதாக அறிவித்துவிடுகிறார். தம்மைப் பற்றியோ மறைக்கவில்லை. தாம் இளமையில் நேசித்து, மரணத்தால் இழந்த ஒரு பெண்ணுக்காகப் பல மாதங்கள் வாடியதை வெளிப்படையாகவே எழுதுகிறார். தம்முடையதைத் திறப்பது தம் உரிமை. பிறருடையது தம்மிடம் இருக்கும் இரவல் என்பதே அவர் கொண்ட முறை.

இங்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. காதலில் 'என்னுடையது' என்று தனியாக ஒன்று உண்டா? அதில் எப்போதும் இருவர் இருக்கின்றனர். தன் கதையைத் திறக்கிறவர் மற்றவருடைய கதையையும் பாதி திறந்துவிடுகிறார். இறந்துபோனவரால் 'வேண்டாம்' என்று சொல்லவும் இயலாது. ஆதலால் சொந்த அனுபவத்தை எழுதும்போதுகூட, "இதைப் படித்தால் அவர் தலை குனிவாரா?" என்ற கேள்வியை எழுத்தாளர் தமக்குள் கேட்டுக்கொள்வது நலம்.

இவ்வளவும் மறைத்தால் கதையில் உண்மை எங்கே இருக்கும் என்று சிலர் கேட்பர். மறைக்க வேண்டியது ஆளை, துயரை அன்று. பச்சைக் கதவும் முருங்கை மரமும் போனால் கதைக்கு எந்த இழப்புமில்லை. மணம் நின்றுபோன வீட்டில் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்க அஞ்சும் அந்த இரவு இருந்தால் போதும். அந்த இரவு ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. அடையாளங்களை அடுக்கினால்தான் உண்மை வரும் என்று நினைக்கும் எழுத்தாளர், கற்பனை செய்ய வேண்டிய உழைப்பைத் தவிர்க்கிறார் என்பதே என் கருத்து.

கோரிப்பாளையம் தர்காவில் அடங்கியிருக்கும் இரு சுல்தான்களின் சன்னதிக்கு எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். கோர் என்னும் பாரசீகச் சொல்லுக்கு அடக்கவிடம் என்று பொருள். ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்தது என்பர். அந்தப் பெரிய குவிமாடத்தின் அருகே பெண்கள் நின்று கண் மூடி உதடசைப்பதைப் பார்க்கலாம். அருகில் நிற்கிறவர், "என்ன கேட்டாய்?" என்று வினவுவதில்லை. கேட்பது அநாகரிகம் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். நிற்க இடம் போதவில்லையென்றால் சற்று விலகி இடம் கொடுப்பார்கள், அவ்வளவே. எழுதுகிறவரிடமும் இந்த மரியாதையை நாம் காட்டலாகாதா?

நம் வீடுகளில் இன்றும் பெண் மக்கள் எழுதுகிறார்கள். கல்லூரி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறார்கள். கைப்பேசியில் எழுதி அழித்துவிடுகிறார்கள். ஒருநாள் அது அத்தாவின் கண்ணிலோ அண்ணனின் கண்ணிலோ படுகிறது. அப்போது முதலில் வரும் வாக்கியம் எது என்பதில் அந்தப் பெண்ணின் எழுத்து வாழ்வே அடங்கியிருக்கிறது. "யாரை நினைத்து எழுதினாய்?" என்று கேட்டால், அவள் அன்றோடு எழுதுவதை நிறுத்திவிடுவாள், அல்லது, அதைவிடக் கேடாக, மறைத்து எழுதக் கற்றுக்கொள்வாள். "இந்த இடம் நன்றாக இருக்கிறதே, முடிவை ஏன் அவசரமாக முடித்துவிட்டாய்?" என்று கேட்டால், அவள் மறுபடியும் அமர்ந்து அந்த முடிவைத் திருத்தி எழுதுவாள். அவளுக்கு நாம் சொல்ல வேண்டிய அறிவுரை ஒன்றே ஒன்று உண்டு: "அம்மா, அடுத்த வீட்டார் கதவை மட்டும் அடையாளம் தெரியாதபடி மாற்றிவிடு." அதைச் சொல்லிவிட்டு, மேசை விளக்கை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வந்துவிடலாம்.