பொய்க் கவசம்

வாளைத் தடுக்காத கவசம் பொய்யா?

கதாபாத்திரத்தின் உடை தரித்து உலவும் காஸ்ப்ளேக்காரனின் கைக்கவசம் களிமண்ணில் பிறக்கிறது. தகடுகளும் ஆணித்தலைகளும் செதுக்கிய உருவின்மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்து, அதனுள் ரப்பர் பால் ஊற்றுகிறான். பிளாஸ்டர் நீரை உறிஞ்ச, பால் அச்சின் சுவரில் தோலாகப் படிகிறது. மிச்சத்தைக் கொட்டிவிட்டு, உலர்ந்ததை உரித்தெடுத்து, உலோகச் சாயம் பூசுகிறான். களிமண் மூலம் அச்சைப் பிரிக்கும்போதே பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது.

இது சிற்பமா? 1977-ல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துப் படைவீரரின் தலைக்கவசம் பற்றி இதே கேள்வி எழுந்தபோது, சிற்பம் அல்ல என்று 2011-ல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலைப்படைப்பு திரைப்படம்தான், தலைக்கவசம் அதைத் தயாரிக்கப் பயன்பட்ட பண்டம். பயனுக்காகச் செய்தது சிற்பமாகாது என்ற தர்க்கம்.

சினிமாவே எடுக்காத காஸ்ப்ளேக்காரனுக்கு இந்தத் தர்க்கம் என்ன சொல்லும்? அவன் கவசத்தின் ஒரே பயன், கவசமாகப் பார்க்கப்படுவது. பொய்யென்றால் ஏமாறுகிறவன் ஒருவன் வேண்டும். இங்கே அணிந்தவனுக்கும் தெரியும், பார்ப்பவனுக்கும் தெரியும், ரப்பர் என்று. தெரிந்தே இருவரும் எஃகென்று இசைகிறார்கள். அந்த இசைவுக்கு உதவுவதையும் வெறும் பயன் என்று கழித்துவிட்டால், சிற்பத்தில் கல்லைத் தவிர மிஞ்சுவது என்ன?