வெட்டிய வேலி

மினியாபொலிஸ் நகருக்குள்ளேயே இருக்கிறது மின்னஹாஹா அருவி. 53 அடிதான் உயரம். ஜனவரியில் அது நீலமும் பழுப்பும் கலந்த பனிக்கட்டித் திரையாகத் தொங்கும். பின்னால் ஆள் நிற்க இடமுண்டு. குளிர்காலத்தில் கீழே இறங்கும் படிக்கட்டை மூடி, எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். பலரும் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டினேன்.

திரைக்குப் பின்னால் முதலில் கவனத்துக்கு வந்தது சத்தம். உறைந்துவிட்டது என்று நாம் சொல்கிற அருவிக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. படத்தில் அது வராது.

பனியைக் கண்டால் கேமரா ஏமாந்துவிடும். எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது அதன் கணக்கு. வெள்ளை வெள்ளையாகத் தெரியணும்னா எக்ஸ்போஷரை நாம்தான் ஏற்றணும். ஏற்றினேன். இது பொய்யில்லை, கருவியின் பிழையைத் திருத்துவது. வீட்டுக்கு வந்து இன்னொரு திருத்தமும் செய்தேன். கீழிருந்து எடுத்த படத்தின் மூலையில் வேலியும் பலகையும் அசிங்கமாகத் துருத்திக்கொண்டிருந்தன. வெட்டிவிட்டு வாட்ஸப் குழுவில் போட்டேன்.

அடுத்த வாரம் நண்பர் ஒருவர் படம் அனுப்பினார். ஈட்டி மாதிரித் தொங்கும் பனிக்கட்டிகளுக்கு நேர் கீழே அவருடைய ஆறு வயது மகள். 'உங்க படத்தைப் பார்த்துத்தான் போனோம், தேங்க்ஸ்ண்ணா.'

ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் நான் செய்தது சரியாகிவிடுமா? கோடில் ஒரு பிழை இருந்து இன்னும் கிராஷ் ஆகவில்லை என்றால் அதைப் பிழையில்லை என்று யாரும் சொல்வதில்லை. நண்பர் பெரியவர், பலகையை அவரும் பார்த்திருப்பார்தான். ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன்பே 'பரவாயில்லை, போகலாம்' என்று என் படம் சொல்லிவிட்டதே. குழந்தையை யாரும் கேட்கவில்லை.

படம் எங்கே போய் என்ன செய்யும் என்று எடுத்தவருக்குத் தெரியாது என்பதும் உண்மை. அலெக்சாண்டர் ஹெஸ்லர் இதே அருவியை எடுத்த டாகரோடைப் ஒன்று கவிஞர் லாங்ஃபெல்லோவின் கைக்குப் போனது. அவர் அருவியை நேரில் பார்க்காமலே 1855இல் வெளியான 'ஹயவாதாவின் பாடல்' காவியத்தில் அதைக் கொண்டுவந்தார். பிறகு அருவியைப் பார்க்கக் கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஹெஸ்லரைப் பொறுப்பாக்க முடியாது. அதே வாதத்தில் நானும் ஒளிந்துகொள்ளலாம்னு பார்த்தேன். முடியவில்லை. பலகையை நான் வாசித்திருந்தேன். வாசித்த பிறகுதான் வெட்டினேன்.

வெட்டாத படத்தைத் தேடியெடுத்து அதே குழுவில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் எழுதினார்: 'முதல்ல போட்டதுதான் நல்லா இருந்துச்சு ப்ரோ.'