கொச்சீஸுக்குக் கொடுத்த வாக்கு

ஜான் ஃபோர்டு 1948-இல் எடுத்த ‘ஃபோர்ட் அபாச்சி’ படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு குதிரைப்படை அதிகாரிகளின் மோதலைத்தான் பேசுகிறார்கள். ஹென்றி ஃபோண்டா நடித்த கர்னல் தர்ஸ்டே திமிர் பிடித்தவன். சட்டப்புத்தகமும் குலப்பெருமையுமாக அலைகிறவன். ஜான் வெய்ன் நடித்த கேப்டன் யார்க், அபாச்சி மக்களை அறிந்தவன், நியாயம் தெரிந்தவன். கெட்ட அதிகாரி, நல்ல அதிகாரி. எனக்குக் கணக்கு அந்த நல்லவனோடுதான்.

தர்ஸ்டேயை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சார்ஜென்ட் ஓரூர்க் போரில் உயரிய பதக்கம் வாங்கியவன். அதனால்தான் அவன் மகனுக்கு ராணுவக் கல்லூரியில் இடமே கிடைத்தது. மகன் லெப்டினன்ட் ஆகிவிட்டான். ஆகி என்ன? தர்ஸ்டேயின் வாயில் அவன் பெயர் சரியாக வரமாட்டேன் என்கிறது. வேறேதோ ஐரிஷ் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். மகளை அவனுக்குக் கட்டிக்கொடுக்க மாட்டேன், அவன் சார்ஜென்ட் வீட்டுப் பையன் என்கிறான். இதைப் பார்க்கிற நம்மாளு இருட்டிலேயே சிரித்துக்கொள்வான்.

இனி வாக்குக்கு வருவோம். மீச்சம் என்ற அரசாங்க ஏஜெண்ட் சாராயத்தை விற்றும் எடையில் ஏமாற்றியும் அபாச்சிகளைச் சுரண்டுகிறான். கொச்சீஸ் தன் மக்களோடு மெக்சிகோவுக்குப் போய்விடுகிறார். யார்க் அங்கே போய், அமைதியாகப் பேசலாம், திரும்பி வாருங்கள் என்று வாக்குக் கொடுத்து அழைத்துவருகிறான். தர்ஸ்டேயோ மொத்தப் படையோடு கிளம்புகிறான். என் வாக்கு என்னாவது என்று யார்க் கேட்க, காட்டுமிராண்டிக்குக் கொடுத்ததெல்லாம் ஒரு வாக்கா என்கிறான் தர்ஸ்டே. எனக்கு அது வாக்குதான் என்கிறான் யார்க். அந்த இடத்தில் அரங்கம் கைதட்டும். நானும் தட்டினேன்.

ஆனால் யார்க் அங்கே காப்பாற்ற நினைப்பது எதை? தன் மானத்தை. வாக்கு என்பது கொடுத்தவனுடைய மானமா, வாங்கியவருக்குச் சேரவேண்டிய கடனா? மானம் என்றால் அது அவனுடைய சொந்தச் சொத்து, வைத்துக்கொள்வான், விற்றுக்கொள்வான். கடன் என்றால் அதைத் தள்ளுபடி செய்கிற உரிமை கொச்சீஸ் ஒருவருக்குத்தான் உண்டு. எதிர்த்துப் பேசிய யார்க்கை தர்ஸ்டே வண்டிகளோடு பின்னால் அனுப்பிவிட்டு, பள்ளத்தாக்குக்குள் பாய்ந்து, படையோடு அழிகிறான். கொச்சீஸ் யார்க்கின் முன்னால் வந்து, பிடித்த படைக்கொடியைத் தரையில் ஊன்றிவிட்டுப் போகிறார். கொன்றிருக்கலாம். கொல்லவில்லை.

கடைசிக் காட்சியில் யார்க்தான் தளபதி. தர்ஸ்டேயின் வீரப் பாய்ச்சலை வரைந்த ஓவியம் ஒன்று பெயர்பெற்றிருக்கிறது. அப்படியே நடந்ததுதானா என்று பத்திரிகைக்காரர்கள் கேட்க, எல்லாம் சரிதான் என்கிறான். ‘பாவம், செத்துப்போன சிப்பாய்களுக்காகத்தானே தோழர் பொய் சொல்றான்?’ என்று ஒரு மாணவர் என்னிடம் வாதாடினார். நியாயமான வாதம்தான். ரெஜிமென்ட் இருக்கிறவரை அவர்களும் இருப்பார்கள் என்று யார்க்கே சொல்கிறான். ஃபோர்டும் பிற்காலப் பேட்டியொன்றில், நிமிர்ந்து பார்க்க நாயகர்கள் இருப்பது நாட்டுக்கு நல்லது என்ற பொருளில்தான் பதில் சொன்னார். எந்த நாட்டுக்கு? அந்த ஓவியம் சரியென்றால் மீச்சம் திருடவில்லை, வாக்கு மீறப்படவில்லை, கொச்சீஸ் வெறும் கொலைகாரர். செத்த சிப்பாய்க்குக் கட்டிய நினைவு மண்டபம் உயிரோடிருக்கிற அபாச்சியின் நெஞ்சில் எழும்புகிறது. பிறகு யார்க், தர்ஸ்டே போட்டிருந்த மாதிரியே தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜெரோனிமோவைப் பிடிக்கக் கிளம்புகிறான். பொய் சொன்ன வாய்க்குத் தொப்பியும் பொருந்திவிடுகிறது. அரசு அலுவலகங்களில் நமக்கு வாய்க்கிற ‘நல்ல ஆபீசர்’களை நினைக்காமல் என்னால் அந்தக் காட்சியைப் பார்க்க முடிவதில்லை.

இது கற்பனைக் கதை. உண்மைக் கொச்சீஸை 1861-இல் பாஸ்கம் என்ற லெப்டினன்ட் பேசுவதற்கென்று கூடாரத்துக்கு அழைத்துச் சிறைபிடிக்கப் பார்த்தான். கூடாரத்தைக் கத்தியால் கிழித்துக்கொண்டு தப்பினார். இரு பக்கமும் பிணைக்கைதிகள் கொல்லப்பட்டார்கள். வெள்ளையர் தூக்கிலிட்டவர்களில் அவருடைய சகோதரரும் ஒருவர். பத்தாண்டுக்கும் மேலாகச் சண்டை நடந்தது. 1872-இல் ஜெனரல் ஹோவர்டு நேரில் வந்து, சொந்த மண்ணிலேயே ஒதுக்கிடம் தருவதாக வாக்குக் கொடுத்தார். ஹோவர்டை யார்க் போன்றவர் என்றே சொல்லலாம். 1874-இல் கொச்சீஸ் இறந்தார். 1876-இல் அரசாங்கம் அந்த ஒதுக்கிடத்தை மூடியது. வாக்குக் கொடுத்தவர் நல்லவர்தான்.

1886-இல் ஜெரோனிமோ சரணடைந்தார். அவர் இருக்குமிடம் போய் ராணுவத்துக்காகப் பேசியவர்கள் கயிட்டா, மார்ட்டின் என்ற இரண்டு அபாச்சி சாரணர்கள். அதே ஆண்டில் சிரிகாவா அபாச்சிகளை ரயிலேற்றி ஃபுளோரிடாவுக்குக் கைதிகளாக அனுப்பினார்கள். சண்டைக்கே போகாமல், படத்தின் பெயரில் இருக்கிற அந்த ஃபோர்ட் அபாச்சிக்குப் பக்கத்தில் அமைதியாக வாழ்ந்தவர்களையும் விடவில்லை. ராணுவத்துக்கு உழைத்த சாரணர்களையும் விடவில்லை. கயிட்டாவும் மார்ட்டினும் அந்தக் கைதிகளில் இருந்தார்கள். 1913 வரை, 27 ஆண்டுகள், அந்த மக்கள் போர்க்கைதிகளாகவே வைக்கப்பட்டிருந்தார்கள்.